பாங்காக்கில் பார்க்க வேண்டிய இடங்கள்

பாங்காக்,
18 நவம்பர் 2024

அன்புள்ள ரஞ்சனி அக்காவுக்கு,

தர்ஷினி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அரங்கனைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். வீட்டுக்குப் பேசினால், “அக்கா குளிக்கிறாடி”, “அக்கா இப்பத்தான் கடைக்குப் போனா” என்று அம்மா ஏதாவது ஒன்று சொல்கிறாள். ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? அதனால்தான் கடிதம். உறையூர் வீட்டுக்கு அனுப்பினால் அப்பா பிரித்துவிடுவார். நீ வேலை பார்க்கும் அரியமங்கலம் பட்டறை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவர்கள் உன்னைத்தான் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை என் கையில் கொடுத்தது அம்மா. அவர் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? “எனக்கு வேண்டாம்ப்பா” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீ மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நல்ல இடம், வெளிநாட்டில் நகைக்கல் கம்பெனியில் மேனேஜர், கையை விட்டுப் போகக் கூடாது என்றார் அப்பா. அவ்வளவுதான் நடந்தது.

போகட்டும். இந்த ஊரில் முதலில் பார்த்தது பெரிய அரண்மனை. வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண் கூசுகிறது. தூண், சுவர், கூரை எல்லாம் தங்க முலாம், இடையிடையே கண்ணாடிச் சில்லு. வாசலுக்கு வாசல் பெரிய பெரிய அரக்கர்கள் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளேயே கோயில். பச்சைக்கல் புத்தர். சின்ன உருவம்தான். ரொம்ப உயரத்தில் உட்கார்த்தி வைத்திருப்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை. வெயில் காலத்துக்கு ஓர் உடை, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. ராஜாவே வந்து மாற்றுவாராம்.

சுற்றுச்சுவர் முழுக்க ராமாயணம் எழுதியிருக்கிறார்கள். அனுமார் இங்கே வெள்ளை நிறம். அசோகவனத்தில் சீதை உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. காவலுக்கு இருந்தவர் வந்து நகரச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடு. உன் இரண்டு வரிக்காகக் காத்திருக்கும்,

தங்கை
தர்ஷினி


திருச்சி,
12 டிசம்பர் 2024

தர்ஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துவிட்டுப் பட்டறை ஆபீசே என் மேசையைச் சுற்றி நின்றது. “தங்கச்சி பாங்காக்குல இருக்காங்களா, சொல்லவே இல்லையே” என்று ஆனந்தவள்ளி கேட்டாள். உனக்குக் கல்யாணமே ஆகவில்லை, தங்கைக்கு எப்படி என்று அவள் கேட்கவில்லை. கண்ணால் கேட்டாள். அதற்காகத்தான் இந்த விலாசத்துக்கு எழுதினாயோ?

நீ காபித் தட்டோடு வந்தபோது என் பட்டுப்பாவாடைத் தாவணியைக் கட்டியிருந்தாய். தலையில் என் பூவில் பாதி. அதையும் எழுதியிருக்கலாமே.

அரண்மனை பார்த்தது சந்தோஷம். நான் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காந்தி மார்க்கெட் நெரிசலில் நின்றுகொண்டே போய், வெல்டிங் புகையில் உட்கார்ந்து பில் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். எனக்குத் தங்கத் தூண் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாய் என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். ஒரு வரியே போதும், புரிந்துகொண்டிருப்பேன்.

இனி எழுத வேண்டாம்.

ரஞ்சனி


பாங்காக்,
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாலும், உன் கையெழுத்தைப் பார்த்ததே போதுமென்று இருந்தது. நான் சுகம். உன் சுகத்தையும் எழுது. நாளைக்கு அங்கே வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் கூட்டத்தில் அம்மா போனால் கையைப் பிடித்துக்கொள்.

இங்கே ஆற்றில் படகுதான் பஸ் மாதிரி. காலையில் இட்லி வைத்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவேன். அவர் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நான் இருந்தால் இடைஞ்சல். அதனால் இந்த ஊரில் நான் பார்க்காத கோயில் இல்லை என்று ஆகிவிட்டது. அக்கரையில் ஒரு கோயில், கோபுரம் முழுக்க உடைந்த பீங்கான். சீனாவிலிருந்து கப்பலில் வந்த தட்டும் கிண்ணமும் உடைந்து போக, அந்தச் சில்லுகளையே பூவாகப் பதித்துவிட்டார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. கிட்டே போனால் ஒவ்வொன்றும் உடைசல்.

சயனப் புத்தரை நான்கைந்து தடவை பார்த்துவிட்டேன். நம் ரங்கநாதர் மாதிரி படுத்திருக்கிறார். ஆனால் கருவறையில் எட்டிப் பார்க்கும் வேலையில்லை, தலையிலிருந்து கால்வரை நடந்து பார்க்க வேண்டும். உள்ளங்காலில் முத்துச்சிப்பி வேலை. சுவரோரம் வரிசையாக வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும், நினைத்தது நடக்குமாம். டிங், டிங் என்று கோயில் பூராவும் அந்தச் சத்தம்தான். அங்கே மின்விசிறிக்குக் கீழே ஒரு மூலை இருக்கிறது. யாரும் எழுப்பமாட்டார்கள். மதியத்தில் அங்கே உட்கார்ந்துகொள்வேன்.

உன் பட்டைக் கட்டியிருந்தது நிஜம். அம்மா எடுத்துக் கொடுத்தாள், கட்டினேன். நீ திட்டி எழுதினாலும் சரி, எழுது அக்கா.

உன்
தர்ஷினி


திருச்சி,
10 பிப்ரவரி 2025

தர்ஷினிக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய். உனக்கென்ன குறை?

போன ஞாயிற்றுக்கிழமை லால்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். பையனின் அத்தை கேட்டாள், “சின்னவளுக்கு முதல்ல முடிச்சிட்டீங்களே, பெரியவளுக்கு ஏதாச்சும்…” என்று. ஏதாச்சும் என்றால் என்ன என்று அவள் முடிக்கவில்லை. அப்பா வேகவேகமாக, “சின்னவ பாங்காக்குல ராணி மாதிரி இருக்கா, மாப்பிள்ளை தங்கமான பையன்” என்று ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்க்க வந்தவர்களிடம் அரைமணி நேரம் உன் பெருமையைச் சொன்னார். மிக்சரைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் இல்லை.

நீ கோயில் கோயிலாகச் சுற்றுவதைப் படித்தேன். ஒன்று கவனித்தேன். இரண்டு கடிதத்திலும் உன் வீட்டுக்காரர் பெயரே இல்லை. அவர் உன்னை எங்கே கூட்டிப்போனார், என்ன வாங்கிக்கொடுத்தார், ஒன்றும் இல்லை. என் மனசு நோகக் கூடாது என்று விட்டுவிட்டாயா? அந்தத் தயவு எனக்கு வேண்டாம். தாராளமாக எழுது. இருவரும் ஜோடியாக நின்று எடுத்த போட்டோ இருந்தால் அதையும் அனுப்பு, ஆபீசில் ஒட்டி வைக்கிறேன்.

ரஞ்சனி


பாங்காக்,
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்ததும் படித்தேன். லால்குடிக்காரர்கள் ஒத்துவராவிட்டால் போகட்டும். நல்ல இடமாக வரும்.

போன வாரம் ரயிலேறி வெளியூர் ஓர் அரண்மனைக்குப் போய் வந்தேன். பேங் பா இன் என்று பெயர். குளத்து நடுவில் தங்க மண்டபம், கரையில் யானை மாதிரி வெட்டிவிட்ட செடிகள். வாத்து நீந்துகிறது. கூட்டமே இல்லை. அங்கே ஒரு ராணிக்கு நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். அதன் கதையை ஒரு குழுவுக்கு ஒருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் போய் நின்று கேட்டேன்.

பழைய காலத்தில் அந்த ராணி, சின்ன வயசு, தன் பெண் குழந்தையோடு படகில் இந்த அரண்மனைக்கு வந்திருக்கிறாள். வயிற்றிலும் ஒரு பிள்ளை. படகு கவிழ்ந்துவிட்டது. கரையில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், மற்றப் படகுகளிலும் இருந்திருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்கள். ஆனால் ராஜ குடும்பத்தாரைத் தொடக் கூடாது என்று சட்டமாம். தொட்டால் தலை போகும். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். ராஜாவுக்கு ரொம்ப வருத்தமாம். அவரே எழுதி வைத்த கல் இருக்கிறது.

போட்டோ கேட்டிருந்தாய். இதில் வைத்திருக்கிறேன். நான் மட்டும் இருப்பது. யாரோ ஒரு ஜப்பான்காரப் பாட்டி எடுத்துக்கொடுத்தது.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கீழே வேறு விலாசம் எழுதியிருக்கிறேன். நம் ஊர் பாலக்கரையிலிருந்து இங்கே வந்து சாப்பாட்டு மெஸ் நடத்தும் இர்பானா அக்காவுடையது. அங்கே வந்தால் எனக்குப் பத்திரமாகக் கிடைக்கும். இங்கே தபால் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது.

அப்பா அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
தர்ஷினி


திருச்சி,
30 மார்ச் 2025

தர்ஷினி,

உனக்கு ஒன்றும் இல்லையே?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் டிவியில் பார்த்தேன். பாங்காக்கில் நிலநடுக்கம், மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து தூசியாகப் போனதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து அடித்தேன். போகவே இல்லை. ராத்திரி அடித்தபோது மாப்பிள்ளை எடுத்தார். “தூங்குறாங்க” என்றார். நேற்றுக் காலையில் அடித்தேன். “குளிக்கிறாங்க.” சாயங்காலம் அடித்தேன். “தூங்குறாங்க.” இன்றைக்கு எடுக்கவே இல்லை. அப்பா கேட்டார், “நான் மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன், எல்லாரும் நல்லா இருக்காங்களாம், நீ ஏன் பறக்கற?” என்று.

நான் ஏன் பறக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மாதமாக உன் குரலைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த ராணி கதையை ஏன் எனக்கு எழுதினாய்? மூன்று நாளாக அதுதான் மண்டையில் ஓடுகிறது. மறைக்காமல் எழுது. நீ நலமா?

அக்கா
ரஞ்சனி


பாங்காக்,
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். பயப்படாதே.

நிலம் ஆடியபோது சயனப் புத்தர் கோயிலில் இருந்தேன். முதலில் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். தொங்குகிற மணியெல்லாம் தானாக அடித்துக்கொண்டது. எல்லோரையும் வெளியே ஓடச் சொன்னார்கள். செருப்பை விட்டுவிட்டேன். ரயில், பஸ் ஒன்றும் இல்லை. ஊரே நடந்தது. நானும் நடந்தேன். எங்கள் கட்டடத்தில் சுவர் விரிசல் மட்டும்தான். அவர் பயந்துபோய் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லோரும் நலம்.

போனில் பேச வேண்டாம் அக்கா. போன் ரிப்பேர். கடிதமே போதும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இந்த ஊரிலும் விழா. தெருவெல்லாம் தண்ணீரை ஊற்றி விளையாடுகிறார்கள். புத்தர் சிலைக்கு வாசனைத் தண்ணீர் விடுகிறார்கள். நானும் விட்டேன்.

ராணி கதையை ஏன் எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். சும்மாதான். பார்த்ததை எழுதினேன்.

தர்ஷினி


திருச்சி,
2 ஜூன் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

நலமா என்று கேட்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. இர்பானா அக்கா இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பார்.

போன வியாழக்கிழமை பட்டறை கேட்டில் ஒரு அம்மா வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். இர்பானா அக்காதான், சொந்தத்தில் கல்யாணத்துக்காகத் திருச்சி வந்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கதான் ரஞ்சனியா? உங்க லெட்டரப் படிச்சுட்டு அந்தப் புள்ள என் கடையில உக்காந்து அழும். சரி, இருக்கட்டும்” என்றார்கள். அப்புறம் சொன்னார்கள்.

“ஆரம்பத்துல டூரிஸ்ட்டுன்னுதாம்மா நெனச்சேன். தோள்ல பை, கையில மேப்பு. ஆனா தினமும் வர்ற டூரிஸ்ட் எங்கயாச்சும் உண்டா? ஒரு நா தயிர்சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, ‘இன்னைக்கு எல்லாக் கோயிலும் பாத்தாச்சுக்கா, சாயங்காலம் வரைக்கும் இங்க உக்காந்துக்கவா’ன்னுச்சு. அப்பத்தான் விசாரிச்சேன்.”

உன் வீட்டுக்காரன் வளவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள், மூன்று வயதில் பிள்ளை இருக்கிறது, அவன் அம்மாவின் பிடிவாதத்துக்காக உன்னைக் கட்டிக் கூட்டிப்போனான் என்றார்கள். பகலில் அந்தப் பெண்ணும் பிள்ளையும் வீட்டுக்கு வருவார்கள், நீ வெளியே போய்விட வேண்டும். “ஊர் சுத்திப் பாரு, இங்க பாக்க வேண்டிய இடம் எவ்வளவோ இருக்கு” என்று அவனே முதல் நாள் மேப் வாங்கிக் கொடுத்தானாம். அந்த மேப்பைப் பார்த்துத்தான் எனக்கு அரண்மனை அரண்மனையாக எழுதினாய். அதற்குத்தான் நான் அப்படியெல்லாம் பதில் எழுதினேன்.

நிலநடுக்கத்தன்று நடந்ததையும் சொன்னார்கள். வெறுங்காலோடு நடந்து மெஸ்ஸுக்கு வந்தாயாம். அவன் போனை எடுக்கவில்லை, என்ன ஆனானோ என்று அழுதாயாம். இருவருமாகக் கட்டடத்துக்குப் போனீர்களாம். எல்லோரும் ரோட்டில் நின்றார்கள். அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி நின்றான். உன்னைப் பார்த்துவிட்டு, “நீ எங்க இருந்தே?” என்றுகூடக் கேட்கவில்லையாம். அன்று ராத்திரி அவன் அம்மாவுக்குச் சொல்லப்போகிறேன் என்று நீ சொன்னதற்கு உன் போனைப் பிடுங்கிக்கொண்டான். எனக்கு நீ எழுதினாய், அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார் என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

“தர்ஷினி வீட்டுல நடக்கறது உங்களுக்குத் தெரியுமாப்பா?”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, “மெதுவாப் பேசுடி, பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

“எப்பலேருந்து தெரியும்?”

“தீபாவளிக்குப் பேசினப்பவே சொன்னா” என்றாள் அம்மா. “தல தீபாவளிக்கு ஊருக்கு வரலையேன்னு கேட்டேன். அழுதா.”

“தெரிஞ்சும் அங்கேயே விட்டு வச்சிருக்கீங்களா?”

அப்பா அப்போதுதான் பேப்பரை மடித்தார். “கொஞ்சம் அனுசரிச்சுப் போன்னு சொன்னேன். அவ பாட்டுக்குத் திரும்பி வந்து உக்காந்தா உன்னை எவன் கட்டுவான்? தங்கச்சி வாழாம வந்துட்டான்னா அக்காவப் பாக்க எவனாச்சும் படியேறுவானா? உனக்கு ஒரு இடம் அமையட்டும், அப்புறம் கூட்டிக்கலாம்னேன். எல்லாம் உனக்காகத்தான் சொன்னேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உன்கிட்ட என்ன கேக்கறது? அவ பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே நீ.”



தர்ஷினி, நீ கிளம்பி வா. அந்த வீட்டுக்கு இல்லை. நானும் அங்கே இருக்கப் போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் அறை பார்க்கிறேன். நீயும் நானும் இருக்கலாம். என் கல்யாணம் என்று இனி எவர் பேச்செடுத்தாலும் வாசலைக் காட்டுவேன். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்கிறேன்.

உன்
அக்கா


ஸ்ரீரங்கம்,
20 ஜூலை 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

பதில் இல்லை. இர்பானா அக்காவுக்குப் போன் செய்தேன். “கையிலதாம்மா குடுத்தேன். படிச்சா. மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. நான் எதையும் கேக்கல” என்றார்கள்.

மேலூர் ரோட்டில் மாடி அறை கிடைத்துவிட்டது. போன வாரம் வந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்று, “ரெண்டு பொண்ணு பெத்து ரெண்டும் என்னைத் தெருவுல நிறுத்திடுச்சு” என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். அம்மா அரிசியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஏறும்வரை அழுதுகொண்டு நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அறை சின்னதுதான். சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம், நல்ல காற்று. தண்ணீர் கஷ்டமில்லை. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். தெரு முனையில் ஒரு லேடீஸ் டெய்லர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தையல் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போடு. ஒரு வார்த்தை எழுது. வருகிறாயா, இல்லையா?

உன்
ரஞ்சனி அக்கா


ஸ்ரீரங்கம்,
21 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

உறையில் இந்திய ஸ்டாம்பைப் பார்த்திருப்பாய். நான் மூன்று நாளாக இங்கேதான், கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது இருக்கமாட்டேன்.

என் பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அந்தப் பெண்தான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து கையில் வைத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. அவளும் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். இர்பானா அக்கா டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

ஏர்போர்ட் வாசலில் ஆட்டோக்காரர், “கோயில் பாக்க வந்தீங்களாம்மா? எந்த ஊரு?” என்றார். பாங்காக் என்றேன். வழியெல்லாம் மலைக்கோட்டை, காவிரி என்று காட்டிக்கொண்டே வந்தார். அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் கோயிலில் ஒரு கைடு பிடித்துக்கொண்டார். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், இருபத்தோரு கோபுரத்தையும் காட்டி, எந்தக் கோபுரம் யார் கட்டியது என்று சொன்னார். நம் அப்பா தோளில் உட்கார்ந்து நான் தேர் பார்த்த வீதியை எனக்கு முதல் தடவையாகக் காட்டுவது போலக் காட்டினார். நான் தலையாட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் மகளாகவோ தங்கையாகவோ இல்லாமல் ஒரு கோயிலில் நிற்க எனக்குப் பழகிவிட்டது. அங்கே கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நேற்று உறையூர் பஸ்ஸில் ஏறினேன். வீட்டைத் தாண்டிப் போனது. அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கேட்டில் நின்று யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

அப்புறம் மேலூர் ரோட்டுக்கு வந்தேன். உன்னைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை ஓரமாக மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றேன். நீ இளைத்திருக்கிறாய். கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

நீ திட்டி எழுதியதற்காக இல்லை. அது அப்போதே போய்விட்டது. காபித் தட்டோடு நான் நின்ற அன்று, எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னது உன் காதிலும் விழுந்தது. நீ கதவைச் சாத்தினாய். அப்பா உன் கல்யாணத்தைச் சொல்லி என்னை அங்கேயே இருக்கச் சொன்னார். சரி என்று இருந்தேன், உன் கல்யாணத்துக்காக. இப்போது நீ எனக்காக வீட்டை விட்டு வந்திருக்கிறாய், எனக்காகக் கல்யாணம் வேண்டாம் என்கிறாய். அந்த அறைக்கு வந்தால் காலையில் எழுந்ததும் உன் முகத்தில் அதைப் பார்க்க வேண்டும். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை அக்கா. யாருக்காகவும் இன்னொரு வீட்டில் அனுசரித்துப் போக என்னால் முடியாது.

இர்பானா அக்காவின் சொந்தத்தில் ஜஹானாரா என்று ஒருவர் வேறு ஊரில் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறார். அங்கே வேலை இருக்கிறது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. இர்பானா அக்காவையும் கேட்காதே, சொல்லமாட்டார். வக்கீலைப் பார்ப்பது, வளவனிடமிருந்து பிரிவது எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு வேண்டுமானால் நான் இன்னும் பாங்காக்கில் ராணி மாதிரி இருப்பதாகவே சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று நீ கடையில் இரண்டு தலையணை வாங்கினாய். கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, கடைக்காரரிடம் ஏதோ பேசிச் சிரித்தாய். பில் இருக்கும். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடு.

தர்ஷினி